கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

உடம்பைத் தேற்றித் தருகிறேன் என்று கடை விரிப்பவர்கள் வாசலில் ஒரு கட்டுமஸ்தான ஆளின் படத்தை மாட்டுவது வழக்கம். எங்கள் மாஸ்டர் எதையும் மாட்டவில்லை. புனேயில் போபோடி என்ற பேட்டையில், பிள்ளையார் சதுர்த்தி விழா நடத்தும் ஒரு கணபதி மண்டலுக்குச் சொந்தமான தகரக் கூரைக் கூடம், அதன் வாசலில் அவளே நிற்பாள். குள்ளம். எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல், துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய ஜூடோ உடுப்பு. வலது கால் இடதைவிட இரண்டு விரற்கடை குட்டை என்பதால் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவாள். இவளே நொண்டுகிறாள், என் இடுப்பு வலியை எங்கே தீர்க்கப் போகிறாள் என்று முதல் நாள் நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

"என் காலை அப்புறம் பாத்துக்கலாம் அக்கா. முதல்ல கீழ உக்காருங்கோ," என்றாள்.

உட்கார்ந்தேன்.

"இப்ப எழுந்திருங்கோ. எதையும் பிடிச்சுக்கப்படாது."

சுவர் எட்டவில்லை. பக்கத்தில் ஒரு வயதான மராத்தி அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் கையை நீட்டினேன். அவள் சிரித்தபடியே தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் அப்படியே நின்றார்கள், ஏதோ தலைமையாசிரியைக்கு முன்னால் நிற்பதைப்போல. எனக்கு அவமானமாகிவிட்டது. இரண்டு பிள்ளை பெற்றவள், வங்கியில் ஒரு கவுண்டரையே கட்டி ஆள்கிறவள், தரையில் சப்பணம் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் அந்த இடத்துச் சட்டம். யாராவது விழுந்தால், யாராவது எழ முடியாமல் கிடந்தால், மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "கோயி ஹாத் நஹி தேகா" என்று மாஸ்டர் ஹிந்தியில் சொல்வாள். யாரும் கை கொடுக்கக் கூடாது. பதைபதைப்பில் கை தானாக நீண்டுவிடும் என்பதால்தான் அதைப் பின்னால் பூட்டி வைப்பது. விழுந்தவளுக்கு அவள் கொடுப்பது மூன்று வார்த்தைகள் மட்டும். மூச்சு, பக்கம், முட்டி. முதலில் மூச்சை விடு. பிறகு ஒரு பக்கமாகப் புரளு. பிறகு முட்டியை ஊன்று. "அதுக்கப்புறம் நீங்களே எழுந்துண்டுடுவேள். உங்களுக்கே தெரியாது," என்பாள்.

அன்று நான் எழுந்தேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றதும் அந்த மராத்தி அம்மாள், ஷிந்தே காகு என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், காகு என்றால் சித்தி, கட்டியிருந்த கையை அவிழ்த்து என் கன்னத்தைத் தட்டினாள். அதற்குத் தடை கிடையாது. எழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சலாம்.

இது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது, அவள் என்னைவிடச் சின்னவள். சின்னவளை மாஸ்டர் என்று கூப்பிட முதலில் எனக்கு நாக்கு கூசியது. பிறகு வேறு பேர் சொல்லிக் கூப்பிடத்தான் கூசியது. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகிப் புனே வந்து அத்தனை வருஷம் புடவையைத் தவிர வேறொன்று உடுத்தாதவளை அவள் ஒரே வாரத்தில் பஞ்சாபி டிரஸ்ஸுக்கு மாற்றினாள். என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவளுடைய பாடத்தில் ஓட்டம் கிடையாது, எடை பார்க்கும் மெஷின் கிடையாது. இளைப்பதற்காக வந்தவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவாள். பழைய பஞ்சு மெத்தைகளைச் சேர்த்துத் தைத்து மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தது. அதன்மேல் எங்களை விழச் சொல்வாள். பின்பக்கமாக, பக்கவாட்டில், முன்னால் உருண்டு. தாடை நெஞ்சில் ஒட்ட வேண்டும், உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும், பல்லைக் கடிக்கக் கூடாது. ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிறதே என்ற கவலையோடு பத்துப் பதினைந்து குடும்ப ஸ்திரீகள் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருப்பதைப் பார்க்க வெளியே ஜன்னலில் கூட்டம் கூடும். அவள் ஜன்னலைச் சாத்தமாட்டாள். "பாக்கட்டும். அவாளும் ஒருநாள் விழத்தான் போறா," என்பாள்.

உடம்பைப் பற்றி அவளுக்கு இருந்த கொள்கை இவ்வளவுதான்: மனுஷ உடம்புக்குப் பெரிய காரியம் தூக்குவதோ ஓடுவதோ இல்லை, தரையிலிருந்து தானாக எழுவது. அது போய்விட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை என்று தீர்மானமாக நம்பினாள். இதை எங்கிருந்து பிடித்தாள் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த பேட்டையான கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஏழு வயதில் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்திருக்கிறது. யாரோ கட்டுப் போட்டார்கள், கோணலாகச் சேர்ந்தது. மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அதன்பின் வருஷக்கணக்கில் அவள் நடக்கவில்லை. அப்பா தூக்குவார், சித்தப்பா தூக்குவார், விசேஷ வீடுகளில் யார் கை காலியாக இருக்கிறதோ அவர்கள் தூக்குவார்கள்.

ஒருமுறை ஊருக்குப் போகும் வழியில் தௌண்ட் ஜங்ஷனில் வண்டி மாற வேண்டியிருந்தது. அவளை ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். போர்ட்டர் வந்தான். அவளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனான். குடும்பமே பெட்டியின் பின்னால் ஓடியது. அப்பா தூக்கியிருப்பார் என்று சித்தப்பா நினைத்தார். சித்தப்பா தூக்கியிருப்பார் என்று அம்மா. பிளாட்பாரத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கார்டு விசில் ஊதும்போதுதான் அப்பா திரும்பி ஓடிவந்தாராம்.

"அழுதீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ஒண்ணு புரிஞ்சுது. தூக்கறவா எங்க வெக்கறாளோ அங்கதான் நாம இருக்கணும். அவ்ளோதான்."

இதைச் சொல்லும்போது அவள் தார்ப்பாயின் கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பிளாட்பாரம் ரொம்ப நாள் கண்ணிலேயே நின்றது. இன்றைக்கும் தௌண்டில் வண்டி நின்றால் நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

அண்ணன் ஜூடோ கற்றுக்கொள்ளப் போன இடத்தில், வேடிக்கை பார்க்கட்டும் என்று இவளையும் ஓரமாக வைத்துவிட்டுப் போவார்களாம். சொல்லிக்கொடுத்தவர் சாத்தாராப் பக்கத்து ஹவில்தார். அவர் ஒருநாள் இவளிடம் வந்து, உனக்குத்தான் ஏற்கெனவே தரையில் இருக்கத் தெரியுமே, பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றிருக்கிறார். நிற்கத் தெரியாத பெண்ணுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுத்தார். உருண்டு, முட்டி போட்டு, சுவரில் சாய்ந்து, இடுப்பைச் சாய்த்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கூடத்தின் குறுக்கே நடந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குத் தூக்கிப் போக வந்த சித்தப்பாவை அவள் தொடவிடவில்லை. அதற்குப் பிறகு யாரையுமே விடவில்லை.

கல்யாணத்தில்கூட. மாலை மாற்றும்போது கல்யாணப் பெண்ணை அவள் மாமா தோளில் தூக்கிக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். இவள் மாட்டேன் என்று தரையிலேயே நின்றுவிட்டாள். அதற்குள் மாப்பிள்ளை எதிர்த்தரப்பில் மாமன் தோளில் ஏறியாகிவிட்டது. பந்தலில் ஒரே சலசலப்பு. அந்த மனுஷர் நிலைமையைப் பார்த்தார், "அப்ப என்னையும் எறக்கிவிடுங்கோ மாமா" என்று இறங்கி எதிரே வந்து நின்றார். இதை அவர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன், அவள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அவள் சொல்லும்போது காது சிவக்கும். அவர் புனேக்கு வெளியே ரஞ்சன்காவ் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் போய் இருட்டிய பின் வருகிற சாது.

அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மகளுக்கு மூன்று நான்கு வயதிருக்கும்போது கூடத்துக்குக் கூட்டிவருவாள். ஒருநாள் குழந்தை படியில் தடுக்கி விழுந்து முட்டியில் ரத்தம். நான் பாய்ந்தேன். "அக்கா, கை" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குழந்தை எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்து அழுதது. அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, "மூச்சு விடுடி கண்ணம்மா... பக்கம்... ஆங், இப்ப முட்டி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். குழந்தை விக்கி விக்கி எழுந்து நின்ற நிமிஷம் வாரி அணைத்து அந்த ரத்த முட்டியில் முத்தமாகக் கொடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த முத்தத்தைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் தௌண்ட் ஜங்ஷனைத்தான் பதிலாகச் சொல்லியிருப்பாள்.

ஆனால் பலன் இல்லாமல் இல்லை. ஷிந்தே காகு அறுபது தாண்டியவள். கட்கி மார்க்கெட்டில் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்தாள். கூட்டம் ஓடிவந்து தூக்கப் போனபோது "தாம்பா, தாம்பா" என்று எல்லாரையும் நிறுத்திவிட்டு, மூச்சு விட்டு, பக்கம் புரண்டு, முட்டி ஊன்றித் தானே எழுந்தாளாம். கத்திரிக்காய்க் கூடைகூடக் கவிழவில்லை என்றாள். மறுநாள் எங்களுக்கெல்லாம் பேடா. மாஸ்டர் பேடாவை வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தது அப்போதுதான்.

புது நூற்றாண்டு வந்தது. மகர்பட்டாவில் புதிதாக வந்த ஒரு ஜிம்மில் அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர், ஏசி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுகிறவர்கள். அங்கே கோயமுத்தூர்ப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், இவள் நொண்டி நொண்டிப் படியேறுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு முழங்கையைப் பிடித்திருக்கிறான். அடுத்த நிமிஷம் சலவைக்கல் தரையில் மல்லாந்து கிடந்தான். தலை மட்டும் அடிபடாமல் இவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "ஒண்ணுமில்லை தம்பி, மூச்சு விடுங்கோ" என்று பாடம் நடத்தியிருக்கிறாள். அதோடு அந்த வேலை போயிற்று. "அவாளுக்கு விழறதே பிடிக்கலை அக்கா. எல்லாரும் நின்னுண்டே இருக்கணும்னு பாக்கறா," என்று சிரித்துக்கொண்டு தகரக் கூரைக்கே திரும்பி வந்தாள். எங்களுக்கு அன்று பெரிய சந்தோஷம்.

அவளுக்கு நாற்பது முடிந்த வருஷம், மழை பிடித்த ஒரு காலை. போபோடி ரயில்வே கேட் சாத்திவிட்டதால் நான் கூடத்துக்குப் போகத் தாமதமாயிற்று. வழக்கமாக வாசலிலேயே கேட்கிற தொப்புத் தொப்பு சத்தத்தைக் காணோம். குடையை மடக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

நடுவில் அவள் கிடந்தாள்.

முன்னால் உருண்டு காட்டியிருக்கிறாள். உருண்டவள் அப்படியே கிடந்துவிட்டாள். அவர்கள் பயப்படவில்லை. விழுந்த உடனே எழ அவசரப்படாதீர்கள், தரையில் கிடந்து மூச்சைத் தேடுங்கள் என்று காட்டுவதற்காக அவள் அடிக்கடி அப்படிக் கிடப்பாள். பாடம் நடக்கிறது என்றுதான் நினைத்தார்கள். கொஞ்ச நேரம் போனபின் ஷிந்தே காகு மெதுவாக, "ஷ்வாஸ் க்யா தாயி, ஷ்வாஸ் க்யா" என்று மூச்சு விடச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தாயி என்பது அவர்களுக்கு அக்கா. தன் மகள் வயதுக்காரியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரவர் பாஷையில் சேர்ந்துகொண்டார்கள். மூச்சு, பக்கம், முட்டி. நான் போனபோது அத்தனை பேரும் பூஜையில் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கையை அவிழ்க்கத் தைரியமில்லை.

அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண் மட்டும் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தூக்குங்கள் என்று தமிழிலேயே கத்தினேன். மராத்திக்காரிகளுக்கும் புரிந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பின்னல் ஒருத்தி காலில் சிக்கியது, தலை தொங்கியது, குட்டைக் கால் என் கையிலிருந்து நழுவி நழுவிப் போயிற்று. ஆட்டோ வரைக்கும் கொண்டுபோவதற்குள் மூன்று தடவை கீழே வைத்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்போது விழுந்தார் என்று கேட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஷிந்தே காகுதான் முன்னால் வந்து, "ஆத்தாச்" என்றாள். இப்போதுதான். டாக்டர் எழுதிக்கொண்டு போன பிறகும் அவள் சுவரைப் பார்த்து "ஆத்தாச், ஆத்தாச்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். காகுவை நான் இதுவரை குற்றம் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். உலகத்திலேயே சொன்ன பேச்சை அப்படிக் கேட்ட மாணவிகள் அவளுக்குத்தான் கிடைத்தார்கள்.

உயிர் மிஞ்சியது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு குழறியது. அவள் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் வாங்கிக்கொண்டு பகலில் பார்த்துக்கொண்டார். மற்ற நேரத்துக்கு ஒரு ஆயா. படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம், எல்லாமே தூக்கித்தான். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொள்வாள். வைத்த பிறகுதான் திரும்புவாள். அந்த முகத்தை நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஏழு வயது முகம்.

கட்டில் வேண்டாம், தரையில் போடு என்று சைகை காட்டுவாள். கட்டிலிலிருந்து எழுவது அவளுக்குக் கணக்கில் சேராது. அவர் கூடத்திலிருந்து மெத்தையில் தார்ப்பாயோடு ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து ஹாலில் போட்டு, காலையில் அவளை அதில் கிடத்துவார். மூச்சு வரும். பக்கம் வராது. செத்துப்போன தோள் நகராமல் அப்படியே கிடக்கும். அவர் பக்கத்தில் நின்று, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் வழிய வழிய அழுதுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பத்தாவது படிக்கிற மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பாடம் படிப்பாள்.

கணபதி விழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ரசம் சாதம் கொண்டுபோனேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் தரையில் கிடந்தாள். வெகுநேரம் முயன்றாள். நெற்றி வியர்த்துப் பின்னல் நனைந்துவிட்டது. நான் பழக்கப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது அவளுடைய இடது கை தரையிலிருந்து மேலே வந்தது. என் பக்கம் நீண்டது.

"அக்கா," என்றாள். குழறலில் அடுத்த வார்த்தை வரச் சற்று நேரமாயிற்று. "கை."

எனக்குக் கேட்டது. கேட்டும் நம்ப முடியாமல் நின்றேன். அவள் மறுபடி சொன்னாள். "கை குடுங்கோ."

குனிந்து பிடித்தேன். அத்தனை வருஷத்தில் நான் தொட்டிராத கை. உள்ளங்கை தரையை அறைந்து அறைந்து காய்த்துப் போயிருந்தது. தோளுக்கடியில் என் கையை நுழைத்து இழுத்தேன். எப்படி விழுவது என்று எனக்கு அவள் எல்லா விதத்திலும் கற்றுக்கொடுத்திருந்தாள். எப்படி எழுவது என்றும் கற்றுக்கொடுத்திருந்தாள். இன்னொருவரை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவள் யாருக்கும் சொல்லித்தரவேயில்லை. பாதி தூரம் வந்தவள் என் மார்பில் சரிந்தாள். என் கால் தார்ப்பாயில் வழுக்கியது. அவளை மேலே வாங்கிக்கொண்டு நான் பின்பக்கமாக விழுந்தேன்.

தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. காலியாக இருந்த என் கை தரையை ஓங்கி அறைந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

என் தோளில் முகம் புதைந்து கிடந்தவள் பாதி வாயால் ஏதோ சொன்னாள். "என்ன மாஸ்டர்?" என்றேன்.

"நன்னா விழுந்தேள்."

அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். கையை மட்டும் விடவில்லை. அவர் மருந்துப் பொட்டலத்தோடு வந்து, எங்கள் இருவரில் யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் எழுந்துப்பேங்க. அவங்களைப் பிடிச்சுக்குங்க," என்றேன்.

அவர் அவளைத் தாங்கிக்கொண்டார். நான் மூச்சை விட்டேன். பக்கமாகப் புரண்டேன். முட்டியை ஊன்றினேன். நான் முழுசாக எழுந்து நிற்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் செய்தேன் போலிருக்கிறது, லேசாகத் தலையை ஆட்டினாள்.

பிறகு இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பாமல், அவர் முகத்தைப் பார்த்து, "தூக்குங்கோ" என்றாள்.

தீபாவளிக்கு அவள் இல்லை.